உறங்கும் சிப்பை எழுப்பும்போது பாயும் மின்னோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் சிப் வடிவமைப்பு பயிலும் மாணவர்கள் ஒருபுறம். பம்புசெட்டை அலைபேசியிலிருந்து இயக்கும் ஸ்டார்ட்டர், தென்னந்தோப்பில் மண்ணின் ஈரம் பார்க்கும் கருவி என்று சிறு பட்டறைகளில் மின்னணுச் சாதனங்கள் செய்வோர் மறுபுறம். இரு தரப்பும் சுற்றிச்சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான்: உறக்கத்திலிருந்து சிப் எழும் அந்தக் கணத்தில் ஏன் எல்லாம் தடுமாறுகிறது? கேள்விகளைத் தொகுத்து, முடிந்தவரை கணக்கோடு பதில் எழுதியிருக்கிறேன். பதில்கள் அனைத்துக்கும் அடியில் ஓடும் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழும் பகுதியைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, அது எழும் நேரத்தில் பக்கத்தில் விழித்திருக்கும் பகுதியைப் பற்றிக் கவலைப்படுங்கள். அடி விழுவது அதன் மேல்தான்.

சிப் எதற்காக உறங்க வேண்டும்? வேலை இல்லாதபோது கடிகாரத் துடிப்பை நிறுத்தினால் போதாதா?

போதாது. துடிப்பை நிறுத்தினால் இயங்கு மின்செலவு நிற்கும், கசிவு நிற்காது. டிரான்சிஸ்டர் சிறியதாகச் சிறியதாக, ‘அணைந்த’ நிலையிலும் அதன் வழியே கொஞ்சம் மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். சூடு ஏறினால் கசிவும் வேகமாக ஏறும். கரூர் வெயிலில் தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சாதனத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆகவே வேலை இல்லாத பகுதியை மின்வழங்கு கம்பியிலிருந்தே துண்டித்துவிடுகிறார்கள். இதற்குப் பவர் கேட்டிங் என்று பெயர். ஜப்பானின் என்.டி.டி. தொலைத்தொடர்பு நிறுவன ஆய்வாளர்கள், வேகமான தர்க்கச் சுற்றுக்குக் கசிவு மிகுந்த டிரான்சிஸ்டரையும், அதைத் துண்டிக்கக் கசிவு குறைந்த டிரான்சிஸ்டரையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறையை 1995-இல் வெளியிட்டார்கள். 2008-இல் வந்த இன்டெல் நெஹேலம் செயலிகளில் ஒவ்வொரு செயல் மையத்தையும் (கோர்) தனித்தனியே துண்டிக்கும் வசதி இருந்தது. இன்று கைபேசிச் சிப் எதை எடுத்தாலும் உள்ளே இந்த வேலை ஓயாமல் நடக்கிறது.

துண்டித்ததைத் திரும்ப இணைப்பதில் என்ன சிக்கல்? ஏன் இவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது?

உறங்கும் பகுதியின் உள் மின்கம்பி மெல்ல மெல்ல வடிந்து கிட்டத்தட்ட பூச்சியத்துக்கு வந்திருக்கும். அந்தக் கம்பியின் மின்தேக்கம், அதில் தொங்கும் ஆயிரக்கணக்கான கேட்டுகளின் (சிறு தர்க்கச் சுற்றுகளின்) மின்தேக்கம் எல்லாம் காலியாக இருக்கும். பகுதியைத் துண்டித்து இணைக்கும் சுவிட்சுகளான ஸ்லீப் டிரான்சிஸ்டர்களை ஒரே நொடிப்பொழுதில் திறந்தால், அதாவது மின்னோட்டம் பாயவிட்டால், அத்தனையும் ஒரே நேரத்தில் நிரம்பப் பார்க்கும்.

கணக்கு எளிது. மின்னோட்டம் என்பது மின்தேக்கத்தை மின்னழுத்த மாற்றத்தால் பெருக்கி, எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தது. ஒரு பகுதியின் மொத்த மின்தேக்கம் 10 நானோஃபாரட், மின்னழுத்தம் 1 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 10 நானோவிநாடியில் நிரப்பினால் சராசரியாக 1 ஆம்பியர் பாயும். உச்சம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அதே பகுதியை 1 மைக்ரோவிநாடியில் நிரப்பினால் சராசரி 10 மில்லிஆம்பியர்தான். மின்தேக்கமும் மின்னழுத்தமும் அதேதான், நேரம் மட்டும் நூறு மடங்கு.

இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. உள் மின்னழுத்தம் பாதி ஏறிய நிலையில், கேட்டுகளின் உள்ளீடுகள் பூச்சியமும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் நடுவில் நிற்கும். அப்போது ஒரே கேட்டின் மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் சற்றே திறந்து, மின்வழங்கியிலிருந்து தரைக்கு நேர்ப்பாதை உண்டாகும். மின்தேக்கியை நிரப்பும் கணக்கில் வராத மின்னோட்டம் இது. வெறும் மின்தேக்கக் கணக்கை நம்பிக் குறைத்து மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

தோட்டத்தில் மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு மங்குகிறது. அதுவும் இதுவும் ஒன்றுதானா?

நம் பக்கத்து மாணவர்கள் இதைக் கேட்காமல் விட்டதில்லை. நல்ல கேள்வி, ஏனென்றால் பாதிக்கப்படுவது யார் என்பதை அது சரியாகக் காட்டிவிடுகிறது. மோட்டார் திணறினாலும் எழுந்து ஓடிவிடும். மங்குவது அதே கம்பியில் தொங்கும் விளக்கு. சிப்பிலும் அப்படியே.

காரணம் மட்டும் வேறு. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை (சுழலும்போது மோட்டாரே உண்டாக்கி, வரும் மின்சாரத்தை எதிர்க்கும் மின்னழுத்தம்) இல்லாததால், நேரடியாக இணைத்தால் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு இழுக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் முதலில் ஸ்டாரில் ஓட்டி, கம்பியில் பாயும் தொடக்க மின்னோட்டத்தை மூன்றில் ஒரு பங்காக்குகிறது. திருகுவிசையும் மூன்றில் ஒரு பங்காகிறது, ஆகவே வேகம் பிடிக்கக் கூடுதல் நேரம் ஆகிறது. சிப் வடிவமைப்பாளரும் இதே பேரத்தைத்தான் பேசுகிறார்: உச்சத்தைக் குறை, நேரத்தைக் கொடு.

ஒப்புமை இதற்கு மேல் போகாது. மோட்டாரில் விநாடிக் கணக்கு, சிப்பில் நானோவிநாடிக் கணக்கு. அந்த வேகத்தில் மின்தடையைவிட மின்தூண்டல், அதாவது மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் தன்மை, பெரிய எதிரி. மின்வழங்கு பாதையில் 0.1 நானோஹென்றி மட்டுமே இருக்கட்டும். 1 நானோவிநாடிக்குள் 1 ஆம்பியர் ஏறினால் 0.1 வோல்ட் விழும். 1 வோல்ட்டில் ஓடும் சிப்புக்கு அது பத்தில் ஒரு பங்கு.

இந்தப் பாய்ச்சல் சிப்பை எரித்துவிடுமா?

ஒருமுறை பாய்ந்ததில் எரிவது அரிது. பயப்பட வேண்டியது வேறொன்று. விழித்திருக்கும் பக்கத்துப் பகுதியின் மின்னழுத்தம் ஒரு கணம் தொய்ந்து, ஒரு பிட்டைப் பிடித்துவைக்கும் சுற்றான ஃபிளிப்-ஃபிளாப் தப்பான மதிப்பைப் பிடித்துக்கொள்ளும். அல்லது நினைவகத்தில் ஒரு பிட் புரளும். அல்லது கடிகாரம் உண்டாக்கும் சுற்று நடுங்கும். சிப் எரிந்தால் கண்ணுக்குத் தெரியும், புகை வரும். ஒரு பிட் புரண்டால் மூன்று நாள் கழித்து யாரோ ஒரு வாடிக்கையாளர் “சில நேரம் தானாக நின்றுவிடுகிறது” என்பார். அதன் காரணத்தைப் பின்னோக்கித் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கொடுமையான வேலை. ஆகவேதான் வடிவமைப்பின் முதல் வாரத்திலேயே இதைப் பேசிவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

சிப்புக்குள்ளேயே இதை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்?

ஸ்லீப் டிரான்சிஸ்டர் என்று ஒருமையில் சொன்னாலும், உண்மையில் ஒரு பகுதிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சிறு சுவிட்சுகள் பரவியிருக்கும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியாகக் கோத்து, ஒரு சுவிட்சு திறந்த பிறகு அதன் சைகை அடுத்ததைத் திறக்கும்படி அமைப்பது அடிப்படை முறை. ஆயிரம் சுவிட்சுகள், ஒவ்வொன்றுக்கும் 100 பிக்கோவிநாடி தாமதம் என்றால், சங்கிலி முழுக்கத் திறக்க 100 நானோவிநாடி.

வரிசையாகத் திறந்தால் மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. தொடக்கத்தில்தான் உள் கம்பிக்கும் வெளிக் கம்பிக்கும் இடையே முழு மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது. முதலில் திறக்கும் சில சுவிட்சுகளே பெரும் மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. வேறுபாடு குறைவதற்குள் அடுத்தடுத்த சுவிட்சுகளும் திறந்துகொண்டால், உச்சம் சங்கிலியின் முன்பாதியிலேயே வந்துவிடும். ஆகவே இரண்டு சங்கிலி போடுகிறார்கள். முதல் சங்கிலியில் வலுக்குறைந்த சுவிட்சுகள், எண்ணிக்கையும் குறைவு. அவை உள் கம்பியைச் சுமார் 90 முதல் 95 சதவீதம் வரை மெல்ல ஏற்றும். பிறகுதான் வலுவான இரண்டாம் சங்கிலி திறக்கும். அதன் வேலை நிரப்புவது இல்லை. பகுதி முழு வேகத்தில் ஓடும்போது மின்னழுத்தம் விழாமல் தாங்குவது. சங்கிலியின் கடைசியிலிருந்து ‘திறந்தாயிற்று’ என்ற சைகை கட்டுப்பாட்டுச் சுற்றுக்குத் திரும்பி வரும். அது வராமல் அடுத்த படி இல்லை.

இரண்டாம் சங்கிலியை எப்போது தொடங்குவது? நேரத்தை எண்ணித் தொடங்கலாம், அல்லது உள் மின்னழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தொடங்கலாம். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. ஒரே வடிவமைப்பில் செய்த சிப்புகளிலும் சில வேகமானவை, சில மந்தமானவை. மந்தமான சிப்பில், எண்ணிய நேரம் முடிந்தும் கம்பி பாதிதான் ஏறியிருக்கலாம். அப்போது வலுவான சுவிட்சுகள் திறந்தால், தவிர்க்க நினைத்த பாய்ச்சலே வந்து சேரும். நேரத்தை எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த எண்ணைச் சிப்பின் பதிவேட்டில் (ரெஜிஸ்டரில்) மாற்றக்கூடியதாக வையுங்கள். சிப் கைக்கு வந்த பிறகு திருத்த ஒரு வழி இருக்கும்.

சோதிக்கும்போது இரு ஓரங்களையும் பாருங்கள். வேகமான டிரான்சிஸ்டர், உயர்ந்த மின்னழுத்தம் என்றால் பாய்ச்சல் மோசம். மந்தமான டிரான்சிஸ்டர், தாழ்ந்த மின்னழுத்தம் என்றால் எழும் நேரம் மோசம். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னும் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. சிப்பின் மின்தேக்கமும் அதன் உறையின் (பேக்கேஜின்) மின்தூண்டலும் சேர்ந்து தமக்கென ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்பவை. சுவிட்சுக் குழுக்களைத் திறக்கும் இடைவெளி தற்செயலாக அந்த அதிர்வின் காலத்தோடு பொருந்திவிட்டால், ஒவ்வொரு சிறு தள்ளும் முந்தையதோடு சேர்ந்து வளரும். படிப்படியாகத் திறந்தும் ஏன் இவ்வளவு ஆட்டம் என்று வியப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2003-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று, உறக்கத்திலிருந்து மாறும்போது தரைக் கம்பி துள்ளுவதையே தனிப் பொருளாக எடுத்துக்கொண்டு, படிப்படியாகத் திறப்பதை ஆராய்ந்தது.

சுவிட்சை மேல்பக்கம் (மின்வழங்கிப் பக்கம்) வைப்பதா, தரைப்பக்கம் வைப்பதா?

தரைப்பக்க என்-வகை டிரான்சிஸ்டர் அதே மின்னோட்டத்தைக் குறைந்த இடத்தில் தரும். ஆனால் பல மின்னழுத்தங்கள் ஓடும் சிப்பில் தரை எல்லோருக்கும் பொதுவாக இருப்பது பெரிய வசதி. ஆகவே பெரும்பாலோர் மேல்பக்கம் வைக்கிறார்கள். நீங்களும் தனிக் காரணம் இல்லாவிட்டால் அப்படியே செய்யுங்கள்.

நிறைய மின்தேக்கி சேர்த்துவிட்டால் மின்னழுத்தம் தொய்யாதே?

எங்கே சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எப்போதும் விழித்திருக்கும் கம்பியில் சேர்த்தால் அது பக்கத்துப் பகுதியைத் தாங்கும். உறங்கும் பகுதிக்குள் சேர்த்தால், எழும் ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்து நிரப்ப வேண்டும், பாய்ச்சல் கூடும். பகுதி ஓடும்போது தன் தேவைக்கு உள்ளே கொஞ்சம் மின்தேக்கம் வேண்டியிருக்கும், உண்மைதான். அதை எழுப்பும் கணக்கில் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் வந்துவிட்டது. உடனே வேலையைத் தொடங்கலாமா?

கூடாது. எழுப்புவதற்கென்று ஒரு முறைவரிசை இருக்கிறது. உறங்கப்போகும்போது கடிகாரத்தை நிறுத்தி, வெளியீடுகளை ஐசொலேஷன் செல்களால் ஒரு திட்டமான மதிப்பில் பூட்டி, காக்க வேண்டிய நிலையை ரிடென்ஷன் ஃபிளிப்-ஃபிளாப்புகளில் சேமித்து, கடைசியாகத்தான் துண்டிக்கிறோம். எழும்போது ஏறக்குறைய தலைகீழ்: மின்சாரம் முழுதாக ஏறட்டும், ரீசெட்டை விடுவியுங்கள், சேமித்ததை மீட்டெடுங்கள், பூட்டை அவிழுங்கள், அதன் பிறகு கடிகாரம். பூட்டை முன்னதாக அவிழ்த்தால், பாதி ஏறிய பகுதியின் குழப்பமான வெளியீடுகள் விழித்திருக்கும் பகுதிக்குள் போய்விடும். இந்த வரிசையையும் பூட்டுகளையும் எழுதிவைக்க 2009 முதல் ஐ.இ.இ.இ. 1801 என்ற தரநிலை இருக்கிறது. அதில் எழுதினால் சரிபார்ப்பு மென்பொருளே பெரும்பாலான தவறுகளைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த வரிசையில் அதிகம் கவனிக்கப்படாத இடம் கடைசிப் படி. மின்கம்பியை எவ்வளவு பொறுமையாக ஏற்றியிருந்தாலும், கடிகாரத்தை ஒரே அடியாக முழு வேகத்தில் திறந்தால் அடுத்த துடிப்பிலேயே அத்தனை ஃபிளிப்-ஃபிளாப்புகளும் ஒன்றாகப் புரளும். அது இரண்டாவது பாய்ச்சல். சில நேரம் முதலாவதைவிடப் பெரிது. கடிகாரத்தைக் குறைந்த அதிர்வெண்ணில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். அல்லது துணைப்பகுதிகளுக்குச் சற்று இடைவெளி விட்டுத் திறந்துவிடுங்கள். ஸ்லீப் டிரான்சிஸ்டருக்காக மாதக்கணக்கில் உழைத்துவிட்டுக் கடிகாரத்தை மறந்துவிடுவது மிகப் பெரிய இழப்பு.

மெல்ல எழுப்பினால் மின்சாரம் வீணாகாதா?

நிலையான மின்வழங்கியிலிருந்து சுவிட்சு வழியாக ஒரு மின்தேக்கியை நிரப்பும்போது, எடுக்கும் ஆற்றலில் பாதி தேக்கியில் சேரும், மறுபாதி சுவிட்சில் வெப்பமாகும். வேகமாக நிரப்பினாலும் மெல்ல நிரப்பினாலும் இந்தப் பங்கு மாறாது. மெல்ல எழுப்புவதன் உண்மையான விலை வேறு: ஏறும் நேரத்தில் கசியும் மின்னோட்டம், முன்பு சொன்ன நேர்ப்பாதை மின்னோட்டம், காத்திருக்கும் நேரம்.

இதிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை எழுப்பவும் ஒரு விலை இருப்பதால், மிகக் குறுகிய உறக்கம் நட்டம். கசிவில் மிச்சமாகும் ஆற்றல் எழுப்பும் செலவைத் தாண்டும் அளவுக்காவது உறக்கம் நீள வேண்டும். அந்த எல்லையைக் கணக்கிட்டு மென்பொருள் எழுதுவோரிடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அவர்கள் நல்லெண்ணத்தோடு நொடிக்கு ஆயிரம் முறை உறங்க வைத்து எழுப்புவார்கள்.

நாங்கள் சிப் செய்வதில்லை, வாங்கிப் பலகையில் வைக்கிறோம். உறக்கத்திலிருந்து எழுந்து சிக்னல் தேடும்போது எங்கள் மொபைல் ஸ்டார்ட்டர் ரீசெட் ஆகிறது. ஏன்?

அளவு பெரிதானாலும் இயற்பியல் அதேதான். அலைபேசி டவரோடு பேசும் 2ஜி மோடம் தொடர்ந்து மின்சாரம் எடுப்பதில்லை, விட்டுவிட்டு எடுக்கிறது. சுமார் 577 மைக்ரோவிநாடிக்கு உச்சமாக 2 ஆம்பியர் வரை இழுத்து, 4.6 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்யும். டவர் தூரமாக இருந்தால் முழு வலுவில் அனுப்பும். தோட்டங்களில் அதுதான் வழக்கம். பட்டறை மேசையில் ஒழுங்காக ஓடிய கருவி தாராபுரம் பக்கத்துக் காட்டில் தடுமாறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

மோடத்துக்குப் போகும் பாதையில் மின்கலத்தின் உள்தடை, கனெக்டர், செப்புப் பாதை எல்லாம் சேர்த்து 0.15 ஓம் இருந்தால், 2 ஆம்பியரில் 0.3 வோல்ட் விழும். 3.7 வோல்ட் லித்தியம் மின்கலம் 3.4-க்கு வந்துவிடும். பல மோடங்களுக்கு அதுவே கீழெல்லை. “1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி போட்டிருக்கிறோமே” என்பார்கள். அது மட்டுமே அந்த 577 மைக்ரோவிநாடி இழுப்பைத் தாங்க வேண்டும் என்றால் 1.15 வோல்ட் விழும், கணக்கிட்டுப் பாருங்கள். மின்தேக்கி உதவி செய்யும், மூலத்தின் இயலாமையை மூடிவிடாது. செப்புப் பாதையை அகலமாக்கி, மின்தேக்கியை மோடத்தின் காலருகே வைத்து, கருவியை நடத்தும் சிப்பான மைக்ரோகண்ட்ரோலருக்குத் தனி ரெகுலேட்டர் கொடுங்கள். மோடம் தொய்ந்தாலும் மூளை தொய்யக் கூடாது.

மோடத்தைச் சுவிட்சு மூலம் துண்டித்து இணைக்கிறீர்கள் என்றால், மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றும் லோட் சுவிட்சைத் தேர்ந்தெடுங்கள். 100 மைக்ரோஃபாரடை 3.3 வோல்ட்டுக்கு 1 மில்லிவிநாடியில் ஏற்ற 0.33 ஆம்பியர் போதும். சாதாரண டிரான்சிஸ்டரை மைக்ரோவிநாடியில் திறந்தால், பாதையின் தடை மட்டுமே அதற்குக் கடிவாளம்.

மின்னழுத்தம் தொய்ந்தால் ரீசெட் செய்யும் பிரவுன்-அவுட் வசதியை மென்பொருளில் அணைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுகிறதே?

தீரவில்லை. சொல்லும் வாயைக் கட்டிவிட்டீர்கள். ஈ.எஸ்.பி.32 போன்ற வைஃபை உள்ள மைக்ரோகண்ட்ரோலர் சிப்புகளில் வைஃபை தொடங்கும்போது இந்த ரீசெட் வருவது மிகவும் பரவலான புகார். அணைக்கச் சொல்லும் அறிவுரையும் அதே அளவு பரவலானது. அந்தச் சிப்புக்கு 500 மில்லிஆம்பியர் தரக்கூடிய மின்வழங்கி வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். கண்காணிப்பை அணைத்த பின் தொய்வு தொடரும், சிப் தப்பான கட்டளையை நிறைவேற்றலாம், ஃபிளாஷ் நினைவகத்தில் பாதி எழுதிய நிலையில் நிற்கலாம். உங்கள் சாதனம் ஒரு விவசாயியின் மோட்டாரை இயக்குகிறது. கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது அது நிற்க வேண்டும், ஆள் இறங்கியிருக்கும்போது ஓடக் கூடாது. அந்தப் பொறுப்புள்ள கருவியில் எச்சரிக்கையை அணைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

மல்டிமீட்டரில் எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகு எப்படி நம்புவது?

மல்டிமீட்டர் சராசரியைக் காட்டும். இந்தத் தொய்வு அது கண் இமைப்பதற்குள் வந்து போய்விடும். ஆசிலோஸ்கோப் வேண்டும். ஒற்றைப் பிடிப்பு நிலையில் வைத்து, எழுப்பும் சைகையை டிரிகராகக் கொடுங்கள். மின்னோட்டத்துக்கு மிகச் சிறிய தடை ஒன்றைத் தொடரில் வைத்து அதன் மேல் விழும் மின்னழுத்தத்தைப் பாருங்கள். புரோபின் நீண்ட தரைக் கம்பியைக் கழற்றிவிட்டுச் சிறு சுருள் தரையைப் பயன்படுத்துங்கள். நீண்ட கம்பியே தன் மின்தூண்டலால் இல்லாத ஆட்டத்தைக் காட்டும். மின்கலம் பாதி தீர்ந்த நிலையிலும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

மென்பொருள் எழுதுவோருக்கு இதில் என்ன வேலை?

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எழுப்பாமல் இருப்பது. மோடம், திரை, சென்சார் மூன்றையும் அடுத்தடுத்த வரிகளில் இயக்கும் நிரலைத் திறந்து, இடையே சில மில்லிவிநாடி விடுங்கள். ஊரில் மும்முனை மின்சாரம் திரும்பும் நேரத்தையும் யோசியுங்கள். ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் உள்ள தானியங்கி ஸ்டார்ட்டர்கள் எல்லாம் அதே விநாடியில் மோட்டாரை இயக்கக் கூடாது. ஒவ்வொரு கருவிக்கும் வேறுபட்ட தாமதம் வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

இதைக் கற்றுக்கொள்ள எங்கிருந்து தொடங்குவது? நம் பக்கம் இதற்கு வேலை வருமா?

தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் சூலூரிலும் பல்லடத்திலும் செமிகண்டக்டர் இயந்திர உற்பத்திப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன. அவை எழும்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மின்சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் என்ஜிஸ்பைஸ் என்ற கட்டணமில்லா மென்பொருள் சாதாரண மடிக்கணினியில் ஓடும். சிப் தயாரிக்கும் ஸ்கைவாட்டர் நிறுவனத்தின் 130 நானோமீட்டர் தொழில்நுட்பத் தரவுகளும் 2020 முதல் திறந்த முறையில் கிடைக்கின்றன. பத்து சுவிட்சுகள், ஒரு மின்தேக்கி, மின்வழங்கு பாதையில் சிறிய மின்தூண்டல், அதே பாதையில் விழித்திருக்கும் ஒரு இன்வெர்ட்டர் (பூச்சியத்தை ஒன்றாகவும் ஒன்றைப் பூச்சியமாகவும் மாற்றும் கேட்டு) சங்கிலி: இவ்வளவு வரைந்தால் போதும். பத்தையும் ஒன்றாகத் திறந்து பாருங்கள், பிறகு இடைவெளியை மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் இன்வெர்ட்டர் சங்கிலியின் மின்னழுத்தம் தொட்ட மிகத் தாழ்ந்த புள்ளியைக் குறித்துவையுங்கள். இடைவெளியைக் கூட்டும்போது அந்தப் புள்ளி சீராக மேலே ஏறாமல் ஓரிடத்தில் திடீரென்று கீழே இறங்கினால், ஒத்ததிர்வை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.